சாலைக்கு அடியில் ஓர் அகழி: லண்டனின் முதல் சுரங்க ரயிலைத் தேடி ஒரு நடை

லண்டன் சுரங்க ரயிலின் வரலாற்றைக் காட்டும் வழிகாட்டிச் சுற்றுலாக்களில் பெரும்பாலோர் விரும்பிப் போவது, 1994இல் மூடப்பட்ட ஆல்ட்விச், போர்க்காலத்தில் சர்ச்சில் தங்கியிருந்த டவுன் ஸ்ட்ரீட் போன்ற கைவிடப்பட்ட நிலையங்களுக்குள் இறங்கிப் பார்க்கும் சுற்றுலாக்களுக்குத்தான். நான் இங்கே எழுதப்போவது அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. பூட்டிய கதவு எதையும் திறந்து காட்டாமல், 1863 ஜனவரி 10ஆம் தேதி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட மெட்ரோபாலிடன் ரயில்வேயின் தடத்தை, பெரும்பகுதி தரைக்கு மேலேயே நடந்து, கடைசியில் மட்டும் ரயிலேறிப் பின்தொடரும் மூன்றரை மணி நேர நடை இது. உலகில் பயணிகளுக்காக நிலத்தடியில் ஓடிய முதல் நகர ரயில் அதுதான். நடத்துபவர்கள் தனிப்பட்ட வழிகாட்டிகள் சிலர் சேர்ந்த ஒரு சிறு குழுவினர். சில குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

நான் போனதற்கு உண்மையான காரணம் என் பெரியப்பா. பொன்மலை ரயில்வே பணிமனையில் பாய்லர் பிரிவில் சேர்ந்து, பணிக்காலம் முழுவதையும் அங்கேயே கழித்து ஓய்வு பெற்றவர். ஊட்டி மலை ரயிலின் நீராவி இன்ஜின்கள் பழுதுபார்ப்புக்காகப் பொன்மலைக்கு வரும்போதெல்லாம் அவற்றைத் தொட்டு வேலை செய்தவர். எழுபத்து நான்கு வயதில் முதல்முறையாக லண்டன் வந்தவரிடம் எங்கே போக வேண்டும் என்று கேட்டபோது, அரண்மனையையோ கோபுரத்தையோ சொல்லவில்லை. “பூமிக்கு அடியில கரி இன்ஜின் ஓட்டினானாமே, அந்த இடத்தைக் காட்டும்மா” என்றார். அந்த ஒரு கேள்விக்கு இந்த நடை எவ்வளவு தூரம் பதில் சொல்கிறது என்பதை வைத்துத்தான் நான் இதை மதிப்பிடுகிறேன். ஏனென்றால் அந்த ரயிலைப் பற்றிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் தாய்க்கேள்வி அதுதான்: மூடிய குழிக்குள் நெருப்பை எரித்துக்கொண்டு ஓடும் வண்டியில் மனிதர்கள் எப்படி மூச்சு விட்டார்கள்?

கட்டணம் ஒருவருக்கு 22 பவுண்டு. இடையில் ஏறும் ரயிலுக்கு அவரவர் அட்டையைத்தான் தேய்த்துக்கொள்ள வேண்டும். நவம்பர் மாதச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு பேஸ்வாட்டர் நிலைய வாசலில் கூடினோம். வழிகாட்டி ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் உறையிட்ட பழைய படங்களும் வரைபடங்களும். ஆங்கிலத்தில்தான் பேசினார், ஆனால் நிறுத்தி நிதானமாகப் பேசினார். அதைவிட எனக்குப் பிடித்தது, ஆவணத்தில் உள்ளதையும் செவிவழி வந்ததையும் அவர் பிரித்துச் சொன்ன விதம். திறப்பு விழாவுக்கு அழைக்கப்பட்ட பிரதமர் பால்மர்ஸ்டன், தம் வயதில் கூடியவரை பூமிக்கு மேலேயே இருக்க விரும்புவதாகச் சொல்லி மறுத்துவிட்டார் என்ற புகழ்பெற்ற கதையைச் சொன்னபோதும், “இப்படிச் சொல்வார்கள்” என்ற அடையாளத்தோடுதான் சொன்னார். வழிகாட்டிகளிடம் நான் அடிக்கடி காணாத ஒழுக்கம் இது.

முதல் நிறுத்தம் லென்ஸ்டர் கார்டன்ஸ் என்னும் தெரு. பேஸ்வாட்டரிலிருந்து குறுக்கே வந்தால் அந்த இடத்தின் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்க்க நேரும். வழிகாட்டி வேண்டுமென்றே எங்களைச் சுற்றி அழைத்துவந்து, தெருவின் முன்பக்கத்தில் நிறுத்தி, எதிர்வரிசை வீடுகளைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு இரண்டு நிமிடம் பேசாமல் நின்றார். வெள்ளைச் சாந்து பூசிய, தூண்கள் தாங்கிய முகப்பும் மாடமும் கொண்ட உயரமான வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டியபடி. எல்லாம் ஒன்றுபோலத்தான் தோன்றின. பெரியப்பாதான் முதலில் சாலையைக் கடந்து போய் 23ஆம் எண் வீட்டுக் கதவின் அருகே நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். “இது வீடு இல்லம்மா. கதவுல கடுதாசி போடுற சந்தே இல்ல பாரு” என்றார். அதன்பிறகு நாங்களும் பார்த்தோம். பக்கத்து வீட்டுச் சன்னல் கண்ணாடியில் வானமும் திரைச்சீலையும் தெரிந்தன. இந்த 23, 24 இரண்டிலும் சன்னல் இருக்க வேண்டிய இடங்களில் சாம்பல் நிற வண்ணம் பூசிய பரப்புதான் இருந்தது. அவ்வளவு நேர்த்தியான சட்டங்களுக்குள், உள்ளே எதுவுமே இல்லாத சன்னல்கள்.

பிறகுதான் பின்பக்கமாக, போர்ச்செஸ்டர் டெரஸ் தெருவுக்குப் போனோம். அங்கே சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தால், இரண்டு வீடுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஆழமான பள்ளம். பள்ளத்தின் அடியில் தண்டவாளம். அந்தப் பக்கத்தில் நாம் சற்றுமுன் பார்த்த முகப்புச் சுவரின் முதுகு. 1868இல் பேடிங்டன் வழியாகத் தெற்கே பாதையை நீட்டியபோது, இந்த இடத்தில் இன்ஜின்களின் ஆவியையும் புகையையும் வெளியே விடுவதற்காகக் கூரை போடாமல் விட்டுவிட்டார்கள். வீட்டு வரிசையின் அழகு கெடக்கூடாது என்பதற்காக ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் கனத்தில் இந்தப் பொய் முகப்பை எழுப்பினார்கள். முன்பக்கத்தை முதலில் காட்டிய அவருடைய முடிவு எவ்வளவு சரியானது என்பது அந்த இடத்தில் விளங்கியது. பள்ளத்தை முதலில் பார்த்திருந்தால் முகப்பு வெறும் வேடிக்கையாகியிருக்கும். முகப்பை நம்பிய பிறகு பள்ளத்தைப் பார்த்ததால், ஒரு ரயில் மூச்சு விடுவதற்கு இரண்டு வீடுகளின் இடம் தேவைப்பட்டிருக்கிறது என்பது உடம்பில் உறைத்தது. ஐந்து நிமிடத்துக்குள் ஒரு ரயில் கீழே கடந்துபோனது. மின்சார வண்டிதான், புகையில்லை. ஆனாலும் சுவரைப் பிடித்திருந்த கையில் அதிர்வு தெரிந்தது.

பேடிங்டன் பகுதி எனக்குச் சற்று ஏமாற்றம். முதல் பாதையின் மேற்கு முனையான பிஷப்ஸ் ரோடு நிலையம் இருந்த இடம், இப்போதைய பெரிய ரயில் நிலையத்தின் வடபுறத்தில் இருக்கிறது. பழைமையின் தடயமாகக் கண்ணுக்கு எட்டுவது அதிகமில்லை. அங்கே நின்று, கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் அகலப்பாதை வண்டிகளும் வழக்கமான பாதை வண்டிகளும் ஒரே தடத்தில் ஓடும்படி மூன்று தண்டவாளங்கள் போட்டதையும், ஏழடிக்கும் சற்றுக் கூடுதலான அந்த அகலப்பாதையில் டேனியல் கூச் வடிவமைத்த இன்ஜின்கள் முதலில் ஓடியதையும், இரு நிறுவனங்களுக்கும் சண்டை மூண்டு சில மாதங்களிலேயே, 1863 ஆகஸ்டில், கிரேட் வெஸ்டர்ன் தன் வண்டிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டதையும் வழிகாட்டி விரிவாகச் சொன்னார். செய்தி நல்ல செய்திதான். ஆனால் பயணப் பெட்டிகளை உருட்டிக்கொண்டு மக்கள் இடையே புகுந்து போகும் வழியில் நின்று கேட்க வேண்டிய செய்தி அல்ல. இதே கதையைச் சற்றுத் தள்ளி, கால்வாய்க் கரையில் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் பாதிப் பேருக்குக் காதில் விழாமல் போயிருக்காது. இந்த இடத்தில் பத்து நிமிட இடைவேளை விடுகிறார்கள். கழிப்பறைக்குப் போகிறவர்கள் இங்கேயே போய்விட வேண்டும், பிறகு வசதியான இடம் வராது.

எட்ஜ்வேர் ரோட்டைத் தாண்டி மேரிலபோன் சாலையில் கிழக்கு நோக்கி நடக்கும் ஒரு கிலோமீட்டர்தான் இந்த நடையின் நெஞ்சுப்பகுதி. பார்க்க அங்கே எதுவுமே இல்லை. வாகனங்கள் நிறைந்த ஆறு தடச் சாலை. ஆனால் நம் காலடியில்தான் அந்தச் சுரங்கம் போகிறது என்பதை மறக்கவிடாமல் அவர் பேசிக்கொண்டே வந்தார். அந்தக் காலத்தில் இதற்குப் புதுச்சாலை என்றே பெயர். சாலைக்கு அடியில் தோண்டினால் வீட்டுக்காரர்களுக்கு நட்ட ஈடு கொடுக்க வேண்டியதில்லை. பாதை சாலையையே ஒட்டிப் போனதற்கு முதன்மையான காரணம் இந்தச் சிக்கனம். முறையும் எளிமையானது. சாலையை வெட்டித் திறந்து, அகழி தோண்டி, இரண்டு பக்கமும் செங்கல் சுவர் எழுப்பி, மேலே வளைவான செங்கல் கூரையோ இரும்பு உத்தரமோ போட்டு, மண்ணை நிரப்பி மறுபடியும் சாலை போட்டார்கள். அந்தக் கூரை வளைவின் அகலம் 28 அடி 6 அங்குலம். ஆழத்தில் துளைபோட்டுச் செல்லும் குழாய்ச் சுரங்கம் லண்டனில் மின்சார ரயிலோடு 1890இல்தான் வருகிறது. முதல் சுரங்க ரயில் உண்மையில் கூரை போட்ட ஓர் அகழி. இந்த வேறுபாட்டைப் பல புத்தகங்களில் படித்திருந்தும், பக்கத்தில் பேருந்தும் காலுக்கு அடியில் ரயிலும் போகும் அந்த நடைபாதையில் நின்றபோதுதான், கீழே இருப்பது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது.

அங்கேதான் சார்ல்ஸ் பியர்சனைப் பற்றியும் சொன்னார். லண்டன் மாநகரத்தின் சட்ட அலுவலராக இருந்த பியர்சன், நெரிசலில் புழுங்கிக் கிடந்த தொழிலாளிகள் நகரத்துக்கு வெளியே நல்ல வீட்டில் குடியிருந்து ரயிலில் வேலைக்கு வந்துபோக வேண்டும் என்பதற்காக ஆண்டுக்கணக்கில் வாதாடியவர்; பணம் திரட்ட அலைந்தவர். பொறியாளர் ஜான் ஃபௌலர். வேலை 1860இல் தொடங்கியது. 1862 செப்டம்பரில், ரயில் ஓடுவதைப் பார்ப்பதற்கு நான்கு மாதம் முன்பு, பியர்சன் காலமானார். அவருடைய மனைவிக்கு ரயில்வே ஆண்டுக்கு 250 பவுண்டு வழங்க ஏற்பாடு செய்தது. 1864இல் விடியற்காலையில் ஓடிய தொழிலாளர் வண்டிகளுக்குப் போய்வர மூன்று பென்னிதான் கட்டணம் என்பதையும் சேர்த்துச் சொன்னபோது, பியர்சனின் வாதம் வீண்போகவில்லை என்று ஒருவர் சொன்னார். அந்தக் கூற்றை அப்படியே விட்டுவிட்டு வழிகாட்டி நகர்ந்தது எனக்கு உறுத்தலாக இருந்தது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

குறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இந்தச் சாலையில் அவர் பேச்சு பாதிதான் கேட்டது. குழுவில் பத்தொன்பது பேர். நடைபாதையில் நீண்ட வரிசையாகத்தான் நடக்க முடியும். காதில் மாட்டிக்கொள்ளும் சிறு ஒலிக்கருவி கொடுக்கும் வழக்கம் இன்றைக்கு எவ்வளவோ சுற்றுலாக்களில் வந்துவிட்டது; இங்கே அது இல்லை. பின்வரிசையில் இருந்தவர்களுக்காக அவர் சொன்னதையே சுருக்கித் திரும்பச் சொல்ல வேண்டியிருந்ததால் நேரமும் வீணாயிற்று. முன்பதிவுப் பக்கத்தில் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்று போட்டிருந்ததைப் பார்த்துத்தான் நான் பணம் கட்டினேன். பன்னிரண்டு என்று சொன்னால் பன்னிரண்டாக இருக்க வேண்டும்.

பேக்கர் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. பத்து நடைமேடைகள் கொண்ட பெரிய நிலையம்; அவற்றில் ஐந்தும் ஆறும்தான் 1863இல் கட்டியவை. இந்த இரண்டு நடைமேடைகளுக்கு இறங்கப் படிக்கட்டுதான், மின்தூக்கி இல்லை. வயதானவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் சேரக்கூடிய சுற்றுலாவுக்கான அறிவிப்பில் இதைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. பெரியப்பா கைப்பிடியைப் பிடித்து மெல்ல இறங்கினார். கீழே வந்து நிமிர்ந்து பார்த்தவர் ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டார்.

அந்த இடத்தைச் சொல்லத்தான் வேண்டும். பழுப்பு மஞ்சள் செங்கல்லால் ஆன ஒரே நீண்ட வளைவு, தூண் எதுவும் இல்லாமல் இரண்டு தடங்களையும் இரண்டு நடைமேடைகளையும் சேர்த்து மூடியிருக்கிறது. இரு பக்கச் சுவர்களிலும் சீரான இடைவெளியில் பெரிய மாடங்கள். ஒவ்வொரு மாடத்தின் அடியிலும் பயணிகள் உட்காரப் பலகை. மாடத்தின் உட்பகுதி சரிவாக மேலே ஏறுகிறது. இப்போது அந்தச் சரிவுகளில் மின்விளக்கு எரிகிறது. முதலில் அவை சாலையோரம் வரை போய்த் திறந்திருந்த வெளிச்சத் துளைகள்; பகல் வெளிச்சம் உள்ளே வரவும் புகை வெளியே போகவும் அவைதான் வழி. 1980களில் நிலையத்தைச் செப்பனிட்டபோது மேற்பூச்சுகளை அகற்றிப் பழைய செங்கல்லையே வெளியே கொண்டுவந்தார்கள். வழிகாட்டி ஒரு மாடத்துக்கு அருகில் எங்களை நிறுத்தி, 1863ஆம் ஆண்டு அச்சான ஒரு படத்தின் நகலைக் கொடுத்தார். அதில் இதே மாடங்களிலிருந்து சாய்வாக ஒளிக்கற்றைகள் நடைமேடையில் விழுகின்றன. படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தால் நூற்று அறுபது ஆண்டுகளில் மாறியது ஒளியின் நிறம் மட்டும்தான் என்று தோன்றுகிறது. பெரியப்பா உள்ளங்கையைச் செங்கல்லில் வைத்துப் பார்த்து, இணைப்புச் சாந்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, “கொத்தனாரு கை சுத்தம்” என்றார்.

வழிகாட்டி இன்ஜின்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் இந்த நடையின் மிக நல்ல பகுதி தொடங்கியது. புகையே இல்லாமல் ஓட்ட வேண்டும் என்று ஃபௌலர் முதலில் ஓர் இன்ஜினைச் செய்து பார்த்திருக்கிறார். நெருப்புப்பெட்டியில் தீச்செங்கற்களைச் சூடேற்றி வைத்து, அந்தச் சூட்டிலேயே சுரங்கத்தைக் கடந்துவிட வேண்டும் என்பது திட்டம். 1861இல் சோதனை ஓட்டத்திலேயே அது தோற்றது. பின்னாளில் அதற்கு “ஃபௌலரின் பேய்” என்று பெயர் வந்துவிட்டது. அதனால் ஆவியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டுக் குளிர்வித்து நீராக்கும் இன்ஜின்களுக்குப் போனார்கள். மான்செஸ்டரின் பேயர் பீகாக் நிறுவனம் 1864 முதல் செய்துகொடுத்த இன்ஜின்களில் ஒன்று, 23ஆம் எண், கோவென்ட் கார்டனில் உள்ள போக்குவரத்து அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. இவ்வளவையும் சொல்லி, ஆவி தொட்டிக்குப் போய்விட்டதால் சுரங்கம் ஓரளவு சுத்தமாக இருந்தது என்று முடித்தார்.

பெரியப்பா கையைத் தூக்கினார். பணிமனையில் பழகிய ஆங்கிலத்தில், ஆனால் தடுமாற்றம் இல்லாமல் அவர் சொன்னதன் சாரம் இது. நீராவி சிலிண்டரில் வேலையை முடித்துவிட்டுப் புகைபோக்கி வழியாகச் சீறி வெளியேறும்போதுதான், நெருப்புக்குத் தேவையான காற்று இழுக்கப்படுகிறது. அந்த ஆவியைக் குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குத் திருப்பிவிட்டால் நெருப்புக்கு இழுவை குறையும். பாய்லரில் அழுத்தம் இறங்கும். தொட்டித் தண்ணீரும் நேரம் ஆக ஆகச் சூடேறும். பாய்லருக்குள் தண்ணீரைச் செலுத்தும் இன்ஜெக்டர் என்ற கருவி சூடான தண்ணீரை ஏற்காது, பாய்லருக்குத் தண்ணீர் ஊட்டுவதே கடினமாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, தொட்டிக்குள் போவது ஆவி மட்டும்தான். எரியும் கரியிலிருந்து வரும் வாயு தொட்டிக்குப் போகாது, சுரங்கத்துக்குள்தான் போகும். “ஆவியை அடக்கலாம், புகையை அடக்க முடியாது” என்று என் பக்கம் திரும்பித் தமிழில் சொல்லி முடித்தார்.

ஒரு சாதாரண வழிகாட்டி இந்த இடத்தில் புன்னகைத்துவிட்டு அடுத்த செய்திக்குப் போயிருப்பார். இவர் அப்படிச் செய்யவில்லை. பெரியப்பாவை மாடத்தின் பலகையில் உட்காரவைத்து, இதையே எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். தாம் சொன்னதைத் திருத்திக்கொண்டும் பேசினார். புகை குறைவாக வரட்டும் என்று முதலில் சுட்ட கரியான கோக்கைத்தான் எரித்தார்கள் என்றும், 1869இல் நிலக்கரிக்கு மாறினார்கள் என்றும், திறந்த வெளி வரும் இடங்களில் ஓட்டுநர் ஆவியை மறுபடி புகைபோக்கிக்குத் திருப்பிவிடுவார் என்றும், காலையில் நாம் பார்த்த பொய் வீட்டுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தின் பயன் அதுதான் என்றும் இணைத்துச் சொன்னார். பெரியப்பா சொன்னதும் அவர் சொன்னதும் சேர்ந்தபோது, காலையிலிருந்து தனித்தனியாகப் பார்த்தவை எல்லாம் ஒரே கேள்விக்கான பதில்களாகக் கோத்துக்கொண்டன. 1897இல் இந்தப் பாதையின் காற்றைப் பற்றி அரசு விசாரணை நடத்தியபோது, ரயிலில் வந்து மூச்சுத் திணறியவர்களுக்கு ஒரு மருந்துக் கடைக்காரர் “மெட்ரோபாலிடன் கலவை” என்றே ஒரு மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது பதிவாகியிருக்கிறது. இன்னும் பல திறப்புகள் வேண்டும் என்று அந்த விசாரணை பரிந்துரைத்தது. திறப்புகளை வெட்டுவதற்குள் 1905இல் மின்சார ரயில் வந்துவிட்டது.

இவ்வளவு புகையிலும் மக்கள் ஏறினார்கள் என்பதும் உண்மை. முதல் நாளிலேயே 30,000 பேருக்கு மேல். முதல் ஆண்டில் ஏறத்தாழ 95 லட்சம் பயணங்கள். கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர் நீளமும் ஏழு நிலையங்களும் மட்டுமே கொண்ட பாதைக்கு இது பெரிய கூட்டம். மூன்றாம் வகுப்புக்கு மூன்று பென்னி, இரண்டாம் வகுப்புக்கு நான்கு, முதல் வகுப்புக்கு ஆறு. இதைக் கேட்டதும் பெரியப்பா எங்கள் ஊர்க் கணக்கோடு ஒப்பிட்டார். ராயபுரத்திலிருந்து ஆற்காடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது 1856இல். அதாவது மதராஸில் பயணிகள் ரயில் வந்து ஏழே ஆண்டுகளில் லண்டனில் ரயில் பூமிக்கு அடியில் இறங்கிவிட்டது. ராயபுரம் நிலையத்தின் பழைய கட்டடம் இன்றும் நிற்கிறது என்று அவர் சொன்னதை வழிகாட்டி தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பேக்கர் ஸ்ட்ரீட்டிலிருந்து ஃபாரிங்டன் வரை ரயில். பத்து நிமிடம் சொச்சம். வழிகாட்டி முன்கூட்டியே சொன்ன அறிவுரை மிகப் பயன்பட்டது: சன்னலோரம் நின்று, கிங்ஸ் கிராஸ் தாண்டியதும் கைகளால் கண்ணோரம் மறைத்துக்கொண்டு வெளியே பாருங்கள். பார்த்தோம். இருட்டுக்குப் பிறகு ரயில் திடீரென்று திறந்த பள்ளத்துக்கு வந்தபோது, இரு புறமும் உயர்ந்து நின்ற கரியேறிய செங்கல் தாங்குசுவர்கள் தெரிந்தன. நாங்கள் வந்ததோ குளிர்பதன வசதி உள்ள, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உள்ளேயே நடந்து போகக்கூடிய புதிய வண்டி. அதற்குள் நின்றுகொண்டு அந்தச் சுவர்களைப் பார்ப்பதற்காகவாவது இந்த ஒரு பகுதியை, சுற்றுலாவில் சேராதவர்களும் தாங்களே போய்ப் பார்க்கலாம்.

ஃபாரிங்டன் முகப்பில் “ஃபாரிங்டன் அண்ட் ஹை ஹோல்பர்ன்” என்ற பழைய பெயர் இன்னும் கல்லெழுத்துப் போல நிற்கிறது. அந்தப் பெயர் வழக்கில் இல்லாமல் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. எதிரே புதிய எலிசபெத் தடத்தின் நுழைவாயில், 2022இல் திறந்தது. முதல் பாதையின் முனையமும் இன்றைய புதிய பாதையும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டிருக்கும் இந்தச் சந்திப்பை வழிகாட்டி நன்றாகக் காட்டினார்.

ஆனால் எனக்கு மிகப் பெரிய மனக்குறை ஏற்பட்டதும் இங்கேதான். ஃப்ளீட் ஆற்றுப் பள்ளத்தாக்காக இருந்த இந்தப் பகுதியில் பாதை சாலைக்கு அடியில் போகவில்லை. குடியிருப்புகளை இடித்துக்கொண்டு போயிற்று. இங்கே வாடகைக்குக் குடியிருந்த ஏழைகள் ஆயிரக்கணக்கில் வீடிழந்தார்கள். சொத்துக்காரருக்குக் கிடைத்த நட்ட ஈடு வாடகைக்காரருக்குக் கிடைக்கவில்லை. யாருக்காக இந்த ரயில் வேண்டும் என்று பியர்சன் வாதாடினாரோ, அவர்கள்தான் முதலில் வெளியேற்றப்பட்டார்கள். வழிகாட்டி இதை மறைக்கவில்லை, சொன்னார்; ஆனால் இரண்டே வாக்கியத்தில், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மேரிலபோன் சாலையில் பியர்சனைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியவர், அந்தக் கதையின் மறுபாதியை அதற்குரிய இடத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டும். பேடிங்டனில் அகலப்பாதைக்குச் செலவிட்ட கால்மணி நேரத்தை இங்கே மாற்றிக்கொண்டாலே போதும். இந்த நடை இன்னும் நேர்மையானதாக இருக்கும். நான் இதை அவரிடமே சொன்னேன். கேட்டுக்கொண்டார், நேரம் போதாமல்தான் ஒவ்வொரு முறையும் இப்படி ஆகிவிடுகிறது என்றார். நேரம் போதாததற்குப் பெரிய குழுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

எனினும் யாராவது என்னிடம் கேட்டால் போகச் சொல்வேன். ரயிலில் கொஞ்சமாவது ஈடுபாடு உள்ளவர்கள், பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள், லண்டனில் பல ஆண்டுகளாக இருந்தும் தினமும் போகும் பாதையின் வயதை யோசித்துப் பார்த்திராதவர்கள் எல்லோருக்கும் இது ஏற்றது. மொத்த நடை மூன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல்; முழங்கால் வலி உள்ளவர்கள் முதல் நிறுத்தத்திலேயே வழிகாட்டியிடம் சொல்லிவிட வேண்டும், மெதுவாக நடக்கிறார். முன்வரிசையில் நடந்துகொள்ளுங்கள். பேக்கர் ஸ்ட்ரீட் படிக்கட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அன்று மாலையோ மறுநாளோ கோவென்ட் கார்டன் அருங்காட்சியகத்துக்கும் போய் அந்த 23ஆம் எண் இன்ஜினைப் பார்த்துவிடுங்கள். நாங்கள் மறுநாள் போனோம். பக்கவாட்டுத் தொட்டிக்குப் போகும் தடித்த குழாயைப் பெரியப்பா எனக்குத் தொடராகக் காட்டினார். முந்தின நாள் நடை இல்லாமல் அது எனக்கு வெறும் குழாய்.

கடைசி நிறுத்தம் ஃபாரிங்டனிலிருந்து சில நிமிட நடையில் உள்ள ரே ஸ்ட்ரீட். ஒரு மதுக்கடையின் எதிரே சாலை நடுவில் இரும்புக் கம்பித் தட்டி போட்ட ஒரு திறப்பு. ஃப்ளீட் ஆறு இப்போது அதற்கு அடியில் கழிவுநீர்ப் பாதையாக ஓடுகிறது. 1862 ஜூனில், வேலை முடியும் தறுவாயில் இருந்தபோது, இந்த ஃப்ளீட்தான் கரையை உடைத்துக்கொண்டு தோண்டிவைத்த பள்ளத்துக்குள் பாய்ந்து, திறப்பு விழாவையே தள்ளிப்போட வைத்தது. குழுவில் பாதிப் பேர் விடைபெற்றுப் போய்விட்டிருந்தார்கள். வண்டி எதுவும் வராத நேரம் பார்த்துப் பெரியப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து, காதைத் தட்டிக்கு அருகே கொண்டுபோனார். வழிகாட்டியும் பக்கத்தில் வந்து குந்தினார். முந்தின இரவு நல்ல மழை பெய்திருந்ததால், கீழே ஆழத்தில் தண்ணீர் விரைந்து ஓடும் சத்தம் எங்கள் மூவருக்கும் தெளிவாகக் கேட்டது.